காபி மிஷினின் ஆட்டமும் டிகாக்‌ஷனின் வாட்டமும்

காபி சரியில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் பால்காரர். அவர் தப்பித்துவிட்டால் பொடிக் கடைக்காரர். அவரும் தப்பினால் சிக்கரி, மும்பைத் தண்ணீர், பில்டரின் துளை என்று விசாரணை நீண்டு, கடைசியில் வீட்டு அம்மாளின் கைப்பக்குவத்தில் வந்து நிற்கும். ஆனால் சமையலறை மேடையின் ஓரத்தில் ஒருவரும் விசாரிக்காமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசாமி உண்டு. கொட்டையை வாங்கி வறுத்தோ, வறுத்த கொட்டையாக வாங்கியோ வீட்டில் அரைக்கிறவர்களிடம் இருக்கும் கைமிஷின்தான் அது. என் அனுபவத்தில் பாதிக் குற்றம் அதனுடையது. அந்தப் பாதியிலும் பெரும் பகுதி ஒரே ஒரு வியாதியால் வருவது. அந்த வியாதிக்குப் பட்டறைத் தமிழில் "ஆட்டம்" என்று பெயர்.

நான் காபி நிபுணன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும் பகுதியை மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் கழித்தவன். 1915ல் தொடங்கிய அந்த ஒர்க்‌ஷாப்பில் எங்கள் வேலையே ஆட்டத்தை அளப்பதுதான். எந்த ஆட்டம் இருக்கலாம், எந்த ஆட்டம் இருக்கக் கூடாது, இருந்தால் யாருக்கு ஆபத்து என்பதே நாளெல்லாம் பேச்சு. ஓய்வு பெற்று ஐரோலிக்கு வந்த பிறகு பெட்டிகள் போய்விட்டன. அக்கம்பக்கத்துக் காபி மிஷின்கள் வந்து சேர்ந்தன!

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்தவரை பொடி ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. மாதுங்கா மார்க்கெட் பக்கம் மைசூர் கன்சர்ன்ஸ் வாசலைத் தாண்டும்போதே மூக்கு நம்மை உள்ளே இழுத்துப் போய்விடும். கண் முன்னால் அரைத்த கால் கிலோவை வாங்கி வந்தால், அது தீர்வதற்குள் அடுத்த தடவை போய்விடுவோம். 1999ல் முலுண்டிலிருந்து பாலம் வந்தது. 2004ல் தாணேயிலிருந்து ரயில் வந்தது. நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் குடி வந்தார்கள். இப்போது மாதம் ஒரு முறை மாதுங்கா போய் ஒன்றரைக் கிலோ பொடியாக வாங்கி வந்து டப்பாவில் அடைக்கிறோம். அரைத்த பொடியின் வாசனை சில நாட்களில் இறங்கிவிடும். கொட்டையாக இருந்தால் சில வாரம் தாங்கும். ஆகவே கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பது நமக்கு ஆடம்பரம் இல்லை, தேவை.

அப்படி அரைக்க ஆசைப்பட்டுப் பரணிலிருந்து பாட்டி காலத்து மிஷினை இறக்குகிறார்கள். பொடி ஒரு பக்கம் மாவாக, ஒரு பக்கம் நொய்யாக விழுகிறது. பில்டரில் போட்டால் டிகாக்‌ஷன் இறங்க மறுக்கிறது. "பழசு, உபயோகமில்லை" என்று பங்கார்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அது பிறகு கடைகளில் அலங்காரப் பொருளாகப் பல மடங்கு விலைக்கு விற்கிறது. குணப்படுத்தக்கூடிய நோயாளியை மயானத்துக்கு அனுப்புவது போன்ற இந்தக் காரியத்தைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

மிஷின் வந்த வழி

 பிரான்ஸின் பியூஜோ கம்பெனி 1840லேயே காபி மிஷின் செய்து விற்றது. கார் எல்லாம் பிற்பாடுதான். 1990களில் நம் கல்யாண் பக்கத்தில் பிரிமியருடன் கூட்டுச் சேர்ந்து 309 என்ற காரைச் செய்தார்களே, அதே பியூஜோதான். லண்டனின் ஸ்பாங் கம்பெனி மேஜை விளிம்பில் மாட்டும் வார்ப்பிரும்பு மிஷின்களைச் செய்தது. அந்த மாதிரியும், அதைப் பார்த்து உள்ளூரில் வார்த்த மாதிரியும் தென்னாட்டு வீடுகளில் பலகையில் திருகி வைக்கப்பட்டிருந்ததை அறுபது வயதைத் தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பம்பாய்க்கும் காபிக்கும் உள்ள உறவும் சாமானியமானதல்ல. இந்தியா காபி ஹவுஸின் முதல் கடை 1936ல் திறந்தது நம் சர்ச்கேட்டில்தான். மாதுங்காவில் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942ல் வந்தது. ஊரிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல, டிரங்குப் பெட்டியோடு பித்தளை பில்டரையும் காபி மிஷினையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தவைதான்.

வீட்டு மிஷின்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தண்டு நட்டக்குத்தாக நிற்க, தலைக்கு மேல் கைப்பிடி சுற்றுவது. அடியில் மர டிராயர் வைத்த பெட்டி மிஷினும், இப்போது வரும் உருளை வடிவ எவர்சில்வர் மிஷினும் இந்த ஜாதி. மற்றொன்று, தண்டு படுக்கையாக இருக்க, பக்கவாட்டில் கைப்பிடி சுற்றும் மேஜை மிஷின். இரண்டுக்கும் வியாதி ஒன்றே. வைத்தியம் கொஞ்சம் வேறு.

ஏந்திரத்திலிருந்து தொடங்குவோம்

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள நம் பாட்டிமார் உளுந்து உடைத்த ஏந்திரமே போதும். கீழ்க்கல் அசையாது. மேல்கல் சுற்றும். நடுவில் ஒரு முளை. முளை தேய்ந்து மேல்கல்லின் துவாரம் பெருத்துவிட்டால், சுற்றும்போது மேல்கல் ஒரு பக்கம் சாயும், ஒரு பக்கம் தூக்கும். அன்றைக்கு உடைத்த உளுந்தில் பாதி முழுசு, பாதி மாவு. உடனே பாட்டி கல்லைத் திட்ட மாட்டாள். புது முளை அடிக்கச் சொல்லுவாள். நம் பாட்டிக்குத் தெரிந்த இந்த எஞ்சினியரிங்கைத்தான் நாம் காபி மிஷினில் மறந்துவிட்டோம்.

நட்டக்குத்து மிஷினில் கீழ்க்கல்லுக்குப் பதில் பல் வெட்டிய ஒரு வளையம் உடம்போடு நிற்கிறது. மேல்கல்லுக்குப் பதில் பல் வெட்டிய ஒரு கூம்பு அந்த வளையத்துக்குள் சுற்றுகிறது. கூம்பைத் தாங்கும் தண்டுதான் முளை. மேலே பல் பெரிசு, இடைவெளியும் பெரிசு. கொட்டை அங்கே உடைகிறது. கீழே போகப் போக இடைவெளி குறுகுகிறது. கடைசி விளிம்பில் உள்ள இடைவெளி எவ்வளவோ, பொடி ஏறக்குறைய அந்த அளவில் வெளியே விழுகிறது. திருகாணியை முறுக்கினால் கூம்பு மேலேறி இடைவெளி குறையும், தளர்த்தினால் கூடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் திருகாணியில் வைக்கும் இடைவெளி, சுற்றுவட்டம் முழுவதும் ஒரே அளவாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வைக்கிறோம். அந்த நம்பிக்கையைக் கெடுப்பவை மூன்று.

முதலாவது, மேலும் கீழும் ஆட்டம். தண்டைப் பிடித்துத் தூக்கினால் சற்று எழும்பி, விட்டால் இறங்கும். இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டம். புஷ் தேய்ந்து, தண்டு இடமும் வலமும் அசையும். மூன்றாவது ஆட்டமே இல்லை, கோணல். வளையம் உட்கார வேண்டிய பள்ளத்தில் பழைய பொடி அடைத்துக்கொண்டு வளையம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அல்லது என்றைக்கோ கீழே விழுந்து தண்டு வளைந்திருக்கும்.

கொஞ்சம் கணக்கு

கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல் கழித்தல்தான்.

கூம்பின் சரிவு தண்டோடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தண்டை 0.1 மில்லிமீட்டர் உயர்த்தினால் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி அதில் பாதி, அதாவது 0.05 மி.மீ. மட்டுமே மாறும். அதுவும் சுற்றிலும் ஒரே மாதிரி மாறும். ஆனால் தண்டைப் பக்கவாட்டில் அதே 0.1 மி.மீ. தள்ளினால் ஒரு பக்கம் இடைவெளி 0.087 குறைகிறது, எதிர்ப் பக்கம் 0.087 கூடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.17 மி.மீ.

இதைத் திருகாணியின் பாஷையில் சொல்கிறேன். மரையின் ஏற்றம் சுற்றுக்கு 1 மி.மீ., திருகாணியில் 12 காடிகள் என்றால், ஒரு காடி முறுக்கினால் தண்டு 0.083 மி.மீ. ஏறும், இடைவெளி 0.04 மி.மீ. குறையும். அப்படியென்றால், 0.17 என்பது நான்கு காடி! ஒரே மிஷினில், ஒரே நொடியில், ஒரு பக்கம் இரண்டு காடி முறுக்கியது போலவும், எதிர்ப் பக்கம் இரண்டு காடி தளர்த்தியது போலவும் அரைபடுகிறது. நாம் திருகாணியை எந்தக் காடியில் வைத்தால்தான் என்ன?

0.1 மி.மீ. என்பது எவ்வளவு? நாம் எழுதும் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றின் கனம். அவ்வளவுதான்.

அந்தத் தாளளவு ஆட்டம் எப்படி வருகிறது? தண்டை மேலே ஒரு புஷ்ஷும் கீழே ஒரு புஷ்ஷும் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே 40 மி.மீ. தூரம், கைப்பிடிக் குமிழ் மேல் புஷ்ஷுக்கு 100 மி.மீ. உயரத்தில் என்று கொள்வோம். கைப்பிடியை 3 கிலோ பலத்தோடு தள்ளுகிறோம். அந்தத் தள்ளல் தண்டைச் சுற்றுவதோடு நிற்பதில்லை; தண்டைச் சாய்க்கவும் பார்க்கிறது. நெம்புகோல் கணக்குப்படி கீழ் புஷ்ஷில் 7½ கிலோவும், மேல் புஷ்ஷில் 10½ கிலோவும் பக்கவாட்டு அழுத்தம் விழுகிறது. தினம் இரண்டு வேளை, வருஷக் கணக்காக. புஷ் தேயாமல் என்ன செய்யும்? இரண்டு புஷ்களின் தூரத்தை 80 ஆக்கினால் இதே அழுத்தம் முறையே 3¾, 6¾ கிலோவாக இறங்கிவிடும். மிஷின் வாங்கும்போது தாங்கிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ரயில் சக்கரம் சொல்லும் பாடம்

"அப்படியானால் ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடலாமே?" என்று கேட்பீர்கள். கூடாது. ஆட்டமே இல்லாத தண்டு சுற்றாது. சுற்றினாலும் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு நடுவே 1676 மி.மீ. சக்கர ஜோடியின் உள்முகங்களுக்கு நடுவே 1600 மி.மீ. இரண்டு பக்கச் சக்கர விளிம்புகளின் கனத்தையும் சேர்த்தால் 1657. மிச்சம் 19 மி.மீ. ஆட்டம், வேண்டுமென்றே விட்டது. அது இல்லாவிட்டால் வண்டி வளைவில் திரும்பாது.

அவ்வளவு ஆட்டம் இருந்தும் வண்டி நடுவிலேயே ஓடுவது எப்படி? சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையல்ல. 20க்கு 1 என்ற சரிவுள்ள கூம்பு. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடது சக்கரம் பெரிய விட்டத்திலும் வலது சக்கரம் சிறிய விட்டத்திலும் ஓடும். இடது பக்கம் அதிக தூரம் போகும்; அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்பும். யாரும் பிடித்து நிறுத்த வேண்டாம்.

காபி மிஷினின் கூம்புக்கும் இது போல ஒரு நல்ல குணம் உண்டு. காரணம் வேறு, பலன் ஒன்று. சுற்றிலும் கொட்டை சமமாக நிரம்பியிருக்கும்போது, எல்லாப் பக்கத்திலிருந்தும் கொட்டைகள் கூம்பை நடுவுக்குத் தள்ளுகின்றன. ஆகவே காலி மிஷினை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்வளவு ஆடுகிறதே!" என்று பதற வேண்டியதில்லை. அரைக்கும்போது அந்த ஆட்டம் ஓரளவு அடங்கும். அடங்காத இடங்கள் இரண்டு. ஒன்று, நாம் கைப்பிடியை வெடுக்கென்று ஒரு பக்கம் தள்ளும் தருணம். மற்றொன்று, கொட்டை தீரும் தறுவாய். தாங்கிப் பிடிக்கக் கொட்டை இல்லாததால் கூம்பு மனம் போனபடி ஆடும். கடைசிப் பிடி பொடி மட்டும் நொய்யாக விழுவதைக் கவனித்தவர்களுக்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

ஆனால் கோணலுக்கு இந்தச் சலுகை கிடையாது. வளையமே தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தால் கொட்டைகள் என்ன செய்யும்?

படுக்கைத் தண்டு மேஜை மிஷினில் கதை வேறு. அங்கே இரண்டு தட்டுகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கின்றன. தண்டு முன்பின் நகரும் ஆட்டம் அப்படியே முழுசாக இடைவெளியில் சேரும். ஆனால் அரைக்கும்போது கொட்டை தட்டுகளை எப்போதும் ஒரே திசையில், விலக்கித்தான் தள்ளும். எனவே ஆட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். திருகாணியைக் கொஞ்சம் முறுக்கினால் ஈடு செய்துவிடலாம். அந்த ஜாதியில் பார்க்க வேண்டியது தட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பதைத்தான்.

பொடியில் என்ன ஆகிறது?

குறுகிய பக்கத்தில் மாவு, அகன்ற பக்கத்தில் நொய். மாவிலிருந்து சாரம் சீக்கிரம் இறங்கி, அதற்கு மேலும் இறங்கிக் கசப்பைக் கொண்டுவரும். நொய்யின் உள்ளே சாரம் அப்படியே தங்கிப் பொடியோடு குப்பைக்குப் போகும். நாக்கில் கசப்பும் இருக்கும், திடமும் இருக்காது. "இரண்டு ஸ்பூன் கூடப் போடு" என்போம், கசப்புதான் கூடும்.

நம் பில்டருக்கு இன்னொரு தொல்லை. அழுத்திவிட்ட பொடிப் படுகையின் வழியே தண்ணீர் தன் எடையாலேயே இறங்க வேண்டும். மாவுத் துகள்கள் நொய்களின் சந்துகளை அடைத்து, அடித்தட்டின் துளைகளையும் மூடினால் தண்ணீர் நின்றுவிடும். கூடவே தண்ணீரை உறிஞ்சும் சிக்கரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் பில்டரின் தலையில் தட்டு, கரண்டிக் காம்பால் கிளறு என்று அதிகாலை வைபவம் ஆரம்பம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு ஒழுங்கான மிஷினிலும் கொஞ்சம் மாவு விழத்தான் செய்யும். வறுத்த கொட்டை நொறுங்கும் குணமுடையது. அந்தக் கொஞ்சம் டிகாக்‌ஷனுக்குத் திடம் கொடுக்கும். நாம் விரட்ட வேண்டியது அளவு மீறிய மாவைத்தான்.

வீட்டிலேயே பரீட்சை

டயல் கேஜ் வேண்டாம். வெள்ளைத் தாள், பள்ளிக்கூடப் போர்டில் எழுதும் மார்க்கர் பேனா, மாவு சலிக்கும் சல்லடை, இவ்வளவு போதும்.

முதலில் சுத்தம். திருகாணியைக் கழற்றி, கூம்பையும் வளையத்தையும் எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கவும். வளையம் உட்காரும் பள்ளத்தைக் குச்சியால் சுரண்டவும். பழைய காபி எண்ணெய் அங்கே தார் மாதிரி ஒட்டியிருக்கும். பாதி மிஷின்கள் இந்தக் கட்டத்திலேயே குணமாகிவிடும். வார்ப்பிரும்பில் தண்ணீர் படக் கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று பச்சரிசியைப் போட்டு அரைப்பதும் வேண்டாம். அரிசி வறுத்த கொட்டையை விடக் கடினம், தேய்ந்த புஷ்ஷை இன்னும் தேய்க்கும்.

இரண்டாவது, தாள் பரீட்சை. கூம்பை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பக்க விளிம்பில் தாள் துண்டை நுழைக்கவும். பிறகு கூம்பை மறுபக்கம் தள்ளி அதே இடத்தில் பார்க்கவும். இரண்டுக்கும் இடையே ஒரு தாள் வித்தியாசம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று தாள் என்றால் வைத்தியம் தேவை.

மூன்றாவது, மை பரீட்சை. ஒர்க்‌ஷாப்பில் நீல மை தடவிப் பேரிங்கின் தொடுபரப்பைப் பார்ப்போமே, அதேதான். கூம்பின் கீழ் விளிம்பிலும் வளையத்தின் உள்விளிம்பிலும் மார்க்கரால் கோடிட்டு, இரண்டும் லேசாக உரசும் வரை மட்டும் முறுக்கவும். கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றவும். பிரித்துப் பார்க்கவும்.

கூம்பில் சுற்றிலும் மை அழிந்து, வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால், வளையம்தான் கோணல். வளையத்தில் சுற்றிலும் அழிந்து, கூம்பில் ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால், கூம்போ தண்டோ கோணல். இரண்டிலும் சுற்றிலும் அழிந்திருந்தால் உங்கள் மிஷின் நேர்மையானது. குற்றவாளியை வேறெங்காவது தேடுங்கள். பரீட்சை முடிந்ததும் மையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு பிடி கொட்டையை அரைத்துக் கொட்டிவிடவும்.

வளையம் கோணல் என்றால், தூக்கி நிற்பதற்கு எதிர்ப் பக்கத்தில், வளையத்தின் அடியில் சமையலறை அலுமினியத் தாளை ஒரு மடிப்பாக வைத்துப் பார்க்கலாம். அதன் கனம் மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டி மறுபடி மை பரீட்சை செய்யவும். பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

கடைசியாகச் சல்லடை. ஒரே அளவு கொட்டையை, ஒரே காடியில், வைத்தியத்துக்கு முன்பும் பின்பும் அரைத்து, சலித்து, வெள்ளைத் தாளில் குவியலாக வைத்துப் பார்க்கவும். கண்ணே சொல்லிவிடும்.

தாராவியில் ஒரு புஷ்

எங்கள் கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய பெட்டி மிஷின் கல்யாணச் சீரோடு மாதுங்காவுக்கு வந்து, அங்கிருந்து ஐரோலிக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை புது மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, பழசை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார். மாமிக்கு மனசு வரவில்லை. "எங்கம்மா கொடுத்தது சார். தேறுமான்னு ஒரு தடவை பாருங்கோ. தேறாதுன்னு நீங்க சொன்னா போட்டுடறேன்" என்றார். அதிகாலை ஐந்து மணிக்கு பில்டர் போட்டால் ஆறரை வரை சொட்டாதாம். மணிக்கட்டு வலி வேறு.

தாள் பரீட்சையில் கூம்பு மூன்று தாளுக்குக் குறையாமல் ஆடியது. கூம்பின் பல்லும் வளையத்தின் பல்லும் நகம் வைத்தால் கீறும் அளவுக்கு நன்றாகவே இருந்தன. தேய்ந்தது மேல் புஷ் ஒன்றுதான். வட்டத் துவாரம் கோழிமுட்டை வடிவமாகியிருந்தது. பிடிமானம் இல்லாத தண்டைச் சுற்ற மாமி கூடுதலாக அழுத்தியிருக்கிறார். அழுத்த அழுத்தப் புஷ் தேய்ந்திருக்கிறது. தேயத் தேய மணிக்கட்டு வலித்திருக்கிறது.

தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவரிடம் எடுத்துப் போனேன். "அண்ணே, கன்மெட்டல்ல போட்டுடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். கன்மெட்டலில் பல ரகங்களில் காரீயம் கலந்திருக்கும். உண்ணும் பண்டம் உரசும் இடத்தில் அது ஆகாது. காரீயம் கலக்காத பாஸ்பர் பிரான்ஸில் கடைந்தார். 8 மி.மீ. தண்டுக்கு நூறில் மூன்று பங்கு மி.மீ. இடைவெளி விட்டு ரீமர் போட்டுக் கொடுத்தார். ஆன செலவு, நாலு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் செலவுதான். கொட்டை விழும் கிண்ணத்தின் உள்ளே பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருந்ததையும் முழுசாக எடுத்துவிட்டோம். அந்தக் காலத்துப் பெயிண்டிலும் காரீயம் இருக்கக்கூடும். பழைய மிஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மிஷின் திரும்பி வந்த மறுநாள் டிகாக்‌ஷன் இருபது நிமிஷத்தில் இறங்கிவிட்டது. மாமி அதைவிடப் பெரிதாகச் சொன்னது வேறு: "கை வலிக்கலை சார்." கணக்குப்படி அது சரிதான். தண்டு நேராக நின்றால், தள்ளும் பலம் பல்லோடு பல் இடிப்பதில் வீணாகாமல் கொட்டையை உடைப்பதில் போகிறது. புது மிஷின் இப்போது பிள்ளை வரும்போது மட்டும் வெளியே வருகிறது.

புதிசாக வாங்குபவர்களுக்கு

புது மிஷின்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஜெர்மனியின் கமான்டான்டே, தைவானின் ஒன்ஸெட்பிரஸ்ஸோ, சீனாவின் டைம்மோர் என்று இப்போது வருபவற்றில் தண்டுக்கு மேலும் கீழும் பால் பேரிங் வைக்கிறார்கள். ஒரு காடிக்கு மி.மீ.யில் நூறில் சில பங்கு மட்டுமே நகரும்படி நுணுக்கமாக மரை வெட்டுகிறார்கள். விலை சில ஆயிரத்தில் தொடங்கி எங்கோ போகிறது. மலிவு விலைப் பீங்கான் கூம்பு மிஷின்கள் சிலவற்றில் கீழே தாங்கியே இல்லாமல் கூம்பு தொங்குகிறது. கூம்பைத் தொட்டால் பல் ஆடுவது போல் ஆடும்.

கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தாங்கிகள் இரண்டா, எவ்வளவு தள்ளி இருக்கின்றன, கூம்பைப் பக்கவாட்டில் அசைத்தால் கையில் ஆட்டம் தெரிகிறதா, வளையம் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அழகையும் பெயரையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழசோ புதுசோ, சுற்றும் முறையில் கவனம் வேண்டும். உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழே அழுத்தாமல், சீராக, மெதுவாகச் சுற்றுங்கள். கிண்ணத்தில் கொட்டை இருக்கும்வரை அவசரம் வேண்டாம். தீரும்போது இன்னும் நிதானம். தாங்கிக்கு எண்ணெய் விடுவதானால் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் ஒரே சொட்டு. தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

நம் வீட்டுப் பரண்களில் இன்னும் எத்தனையோ மிஷின்கள் தூங்குகின்றன. பல் கூராக இருந்து, உடம்பில் வெடிப்பு இல்லாமல், தண்டு நேராக இருந்தால் அவை இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். தேய்ந்தது ஒரு புஷ்தான் என்று தெரியாமல் முழு மிஷினையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பங்கார்காரர் மணியடிக்கும்போது, கதவைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துக் கூம்பின் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள்.